எதிர்ச்சுவர்

"எதிர்ல என்னங்க இருக்கு?"

படம் வாங்க வருகிறவர்களிடம் அக்கா கேட்கும் முதல் கேள்வி இதுதான். விலையெல்லாம் அப்புறம். வந்தவர்கள் ஒரு நிமிடம் விழித்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். எதிரில் மணப்பாறை முறுக்குப் பொட்டலங்களை அடுக்கி வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன். "முறுக்குக் கடைங்க" என்பார்கள்.

"இங்க இல்லைங்க, உங்க வீட்டுல. இத எந்தச் சுவத்துல மாட்டுவீங்க? அந்தச் சுவத்துக்கு எதிர்ல என்ன இருக்கு?"

பாதிப் பேர் அதோடு நகர்ந்துவிடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கடைக்கு வந்த ஆளை இப்படியா விரட்டுவது? "ஏங்க்கா, வாங்கிட்டுப் போயி அவங்க கக்கூஸ்லகூட மாட்டிக்கிறாங்க, உங்களுக்கென்ன?" என்று எதிரிலிருந்தே கத்துவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அக்கா கோபித்துக்கொள்ள மாட்டார். "அப்படிச் சொல்லாதீங்க மணப்பாறை. அது நாள்பூரா அங்கயே பாத்துக்கிட்டு இருக்கணுமில்ல" என்பார்.

என்னை அவர் ஊர்ப் பெயரால்தான் கூப்பிடுவார். அவர் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. "எம் பேர இனிமே எங்கயும் போடாதீங்க, ஒரு தடவ போட்டதே போதும்" என்று அவரே சொல்லிவிட்டார். ஏன் அப்படிச் சொன்னார் என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் நடக்கிற கைவினைக் கண்காட்சிகளில் பதினோரு வருடம் நாங்கள் எதிரெதிர்க் கடை. பள்ளிக்கூட மைதானமோ, கல்யாண மண்டபமோ, மார்கழிக் கூட்டத்துக்காகப் போடுகிற தகரக் கொட்டகையோ, எங்கே போட்டாலும் ஏற்பாட்டாளர்கள் எங்கள் இருவரையும் எதிரெதிரே போட்டுவிடுவார்கள். என் எண்ணெய் வாசம் அவர் படங்களில் ஏறிவிட்டது என்று நான் கேலி செய்வேன். அவர் வீடு திருவெறும்பூர்ப் பக்கம் தொழிற்சாலைக் குடியிருப்பில் இருந்தது. வீட்டுக்காரர் அங்கே வெல்டர். ஒரே பையன், ஓசூரில் வேலை.

அக்கா வரைந்ததெல்லாம் பெண்கள்தான். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், ரேஷன் கடை வாசலில் பையைத் தலைக்கு வைத்துச் சாய்ந்திருப்பவர்கள், அம்மா மண்டபத்துக் காவிரிப் படிக்கட்டில் ஈரத் தலையைத் துவட்டுகிறவர்கள். யாருக்கும் கண் இருக்காது. புருவம் இருக்கும், மூக்குத்தி இருக்கும், கழுத்து வியர்வைகூடத் தெரியும். கண் இருக்க வேண்டிய இடம் மட்டும் வெறும் தோல் நிறத்தில் கிடக்கும். படம் விலைபோய், எந்த வீடு, எந்தச் சுவர், எதிரில் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் கண் வரைவார். வாங்கினவர் முன்னாலேயே வரைவார்.

அதற்கென்று பழைய மூக்குக் கண்ணாடிக் கூடு ஒன்று வைத்திருந்தார். அதற்குள் மெல்லிசாக ஒரு பிரஷ், கட்டைவிரல் அளவில் ஒரு கறுப்பு வண்ணக் குப்பி. எதிரில் ஜன்னல் என்றால் கண்ணைக் கொஞ்சம் இடுக்கி வைப்பார், வெயில் படுமாம். எதிரில் வாசல் என்றால் யாரோ வருகிறார்கள் என்பதுபோல் வைப்பார். டிவி என்று சொன்னால் உதட்டைப் பிதுக்குவார். "பாவம், நாள்பூரா சீரியல் பாக்கணும்" என்று முனகிக்கொண்டே வரைவார். எதிரில் பாத்ரூம் கதவு என்று உண்மையைச் சொன்ன ஒரு வங்கி அதிகாரிக்குப் படம் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அந்த மனிதர் என்னிடம் வந்து, "அந்தம்மாவுக்கு மண்டைக்கு ஏதாச்சும்...?" என்று விரலைச் சுழற்றிக் காட்டினார். நான் அவருக்கு அரைக் கிலோ முறுக்கு விற்று அனுப்பினேன்.

சாமி படம் போடுங்கள், நன்றாகப் போகும் என்று எல்லோரும் சொன்னோம். கேட்கவில்லை. "சாமியப் போயி கண்ணு இல்லாம காத்துக்கிட்டு இருன்னு சொல்ல முடியுமா? நம்மளத்தான் சொல்லலாம்" என்றார்.

கடைக்காரர்களுக்கு அது ஒரு கேலி. 'கண்ணு வெக்கிற அக்கா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். யாருக்காவது அன்றைக்கு வியாபாரம் படுத்துவிட்டால், "என்னக்கா, நம்ம கடைமேலயும் கண்ண வெச்சுட்டீங்களா?" என்பார்கள். அவரும் சிரிப்பார். ஆனால் ஒரு வருடம் உறையூர்க்காரர் ஒருவர் எதிரில் தன் அம்மா கட்டில் இருக்கிறது, அம்மா படுத்த படுக்கை என்று சொல்லி ஒரு படம் வாங்கினார். அக்கா கேட்டார், "கட்டில் எவ்ளோ உயரங்க?" அவர் கையால் காட்டினார். அந்த உயரத்துக்குக் கண்ணைத் தாழ்த்தி வைத்துக் கொடுத்தார். அடுத்த வருடம் அந்த மனிதர் தேடிக்கொண்டு வந்தார். "அம்மா போயிட்டாங்க. நாங்க வேலைக்குப் போயிட்டா பகல்பூரா உங்க படத்துகிட்டதான் பேசிக்கிட்டு இருந்தாங்க" என்று சொல்லிவிட்டு, வாங்க ஒன்றும் இல்லாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். அன்றைக்குப் பிறகு நான் கத்துவதை நிறுத்திக்கொண்டேன்.

ஏன்க்கா இப்படி என்று ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறேன். கூட்டமில்லாத மத்தியானம். தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். "கல்யாணமாகி வந்தப்ப எனக்கு ஒரு சமையக்கட்டக் காட்டுனாங்க. அடுப்பு முன்னாடி நின்னா எதிர்ல காம்பவுண்டு சுவரு. முப்பது வருசமா அதத்தான் பாக்கறேன். எதிர்ல என்ன வேணும்னு எங்கிட்ட யாரு கேட்டா?" என்றார். சொல்லிவிட்டு ஊறுகாயை என் பக்கம் தள்ளினார். வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

அவருக்கு உண்மையான வருத்தம் வேறொன்றில் இருந்தது. ஒவ்வொரு கடைக்கு மேலேயும் என்ன விற்கிறது என்று போர்டு எழுதுவார்கள். எனக்கு 'தின்பண்டங்கள்'. பக்கத்தில் 'சணல் பைகள்', 'பனையோலைப் பொருட்கள்'. அக்காவுக்கு மட்டும் வருடா வருடம் 'இதரப் பொருட்கள்'. ஒரு தடவை ஏற்பாட்டாளரிடம் போய், "தம்பி, ஓவியம்னு எழுதக் கூடாதா?" என்று கேட்டார். "லிஸ்ட்ல அப்படி ஒண்ணு இல்லையேக்கா" என்றான் அந்தப் பையன். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் சாயங்காலம்வரை யாரிடமும் எதிரில் என்ன என்று கேட்கவில்லை. வந்தவர்கள் மிதியடிகளைப் புரட்டுகிற மாதிரிப் படங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

அதனால்தான் அந்தச் செய்தி கண்ணில் பட்டதும் குதித்தேன். முறுக்குக்கு அடியில் விரிக்கிற பேப்பரில் இருந்தது. கண்டோன்மென்ட்டில் ஒரு ஹாலில் ஓவியக் கண்காட்சி. யார் வேண்டுமானாலும் படத்தைப் போட்டோ எடுத்து அனுப்பலாம். நடுவர்கள் மூன்று பேர் உட்கார்ந்து, நல்லது என்று நினைப்பதை மட்டும் தேர்ந்தெடுத்து மாட்டுவார்கள். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் வரைந்தவர் பெயர் அட்டையில் இருக்கும். கடைசி நாள் அதில் ஒன்றுக்குப் பரிசு.

"பேரு போடுவாங்களா?" என்று கேட்டார் அக்கா. பரிசைப் பற்றிக் கேட்கவில்லை.

"போடுவாங்க. ஓவியர்னு போடுவாங்க."

"நம்மள எங்க எடுக்கப் போறாங்க?" என்றார். ஆனால் அடுத்த வாரமே போன் செய்தார். "மணப்பாறை, பெருசா ஒண்ணு போட்டுட்டேன். வந்து பாருங்களேன்."

போய்ப் பார்த்தேன். குடியிருப்பின் கொல்லைப்புறம். கொடி நிறைய ஈரத்துணி. அதற்கு முன்னால் காலி வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு கை பிடரியில். முகம் லேசாக மேலே நிமிர்ந்திருக்கிறது. வேறொன்றும் இல்லை. நானும் அப்படி எத்தனை தடவை உட்கார்ந்திருக்கிறேன். வழக்கம்போலக் கண் மட்டும் இல்லை.

"கண்ணு வெக்கலையாக்கா? போட்டோ எடுக்கணுமே."

"இன்னும் வீடு கிடைக்கலையே" என்றார்.

சரி என்று அப்படியே என் போனில் எடுத்தேன். விண்ணப்பத்தில் 'படைப்பின் தலைப்பு' என்று ஒரு கட்டம், 'படைப்பைப் பற்றிக் கலைஞர் கூற்று' என்று ஒரு பெரிய கட்டம். அக்காவுக்கு இரண்டும் புரியவில்லை. "பொம்பளை துணி காயப்போட்டுட்டு உக்காந்திருக்கான்னு எழுதுங்க" என்றார்.

நான் பி.ஏ. தமிழ் படித்தவள். முறுக்குப் பிழிகிற கைக்கு அது இருபது வருடமாகப் பயன்படவில்லை. அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ எழுந்து உட்கார்ந்துவிட்டது. தலைப்பு 'பார்வை மறுக்கப்பட்டவள்' என்று வைத்தேன். கீழே எழுதினேன்: 'நூற்றாண்டுகளாகப் பார்க்கும் உரிமை மறுக்கப்பட்ட பெண்ணை நான் கண்ணில்லாமல் வரைகிறேன். இவளுக்குக் கண் வரையும் நாள் இன்னும் வரவில்லை. வரும்வரை நான் வரையமாட்டேன்.'

அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். "நல்லாருக்கு. ஆனா நான் அப்படியெல்லாம் நினைக்கலையேங்க" என்றார்.

"இப்படி எழுதினாத்தான்க்கா எடுப்பாங்க. சும்மா இருங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். எவ்வளவு திமிர் எனக்கு.

எடுத்துவிட்டார்கள். போனில் செய்தி வந்ததும் அக்கா எனக்குக் கூப்பிட்டு, பேசாமல் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தார். திறப்பு நாளன்று மாம்பழக் கலரில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தார், ஏதோ தன் வீட்டு விசேஷம் மாதிரி. வீட்டுக்காரர் லீவு போட்டுக்கொண்டு இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். படத்துக்குப் பக்கத்தில் அட்டை. தலைப்புக்கு மேலே அக்காவின் பெயர், அதன் கீழே 'ஓவியர், திருச்சிராப்பள்ளி'. அதற்கும் கீழே என் வரிகள். அக்கா அட்டையில் பெயரை மட்டும் விரலால் தொட்டார். பிறகு யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

நடுவர்களில் மூத்தவர், கதர் ஜிப்பா போட்ட ஒல்லியான மனிதர், பேசும்போது இந்தப் படத்தைத்தான் முதலில் குறிப்பிட்டார். கண்ணில்லாத முகம் தன்னைத் தூங்கவிடவில்லை என்றார். என் வரிகளை அப்படியே படித்துக் காட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. என் எழுத்தை ஒருவர் மைக்கில் படித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பரிசு இதற்குத்தான் என்று பக்கத்தில் இருவர் பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் நானும் போயிருந்தேன். கூட்டமில்லை. ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு மாமி வந்தார். எண்பது வயதிருக்கும். கண்ணில் கறுப்புக் கண்ணாடி. துணைக்கு வந்த பெண் ஒவ்வொரு படமாகக் காட்டிக்கொண்டே வந்தாள். மாமி அக்காவின் படத்துக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றினார்.

"எனக்கு நேத்திக்குத்தான் கண் ஆபரேஷன் கட்டை அவுத்தா. இன்னிக்கு எல்லாத்தையும் பாக்கணும்னு கிளம்பி வந்திருக்கேன். இவளுக்கு ஏம்மா கண்ணே இல்லை?" என்று கேட்டார்.

அக்கா பக்கத்தில் போனார். "இன்னும் வீடு கிடைக்கலைங்கம்மா."

அந்தப் பதில் மாமிக்கு எப்படிப் புரிந்ததோ தெரியாது. ஆனால் புரிந்தது. "எங்காத்துல ஒரு சுவர் மொட்டையா இருக்கு. அங்க மாட்டிக்கறேன். தரேளா?" என்றார்.

எனக்குத் தெரியும், அடுத்து என்ன கேள்வி வரும் என்று.

"எதிர்ல என்னங்கம்மா இருக்கு?"

"ஊஞ்சல். அதுல நான்தான் உக்காந்திருப்பேன். எனக்குப் பின்னால முற்றம். ஆகாசம் தெரியும்."

அக்காவின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் இப்படியொரு பதிலை யாரும் சொன்னதில்லை. "உங்களப் பாக்கட்டுமா, உங்க தலைக்கு மேல பாக்கட்டுமா?" என்று கேட்டார்.

மாமி சிரித்தார். "என்னை என்ன பாக்கறது? ஆகாசத்தைப் பாக்கட்டும்."

கைப்பையிலிருந்து கண்ணாடிக் கூடு வெளியே வந்தது. அட்டையில் என் வரி இருக்கிறது, 'வரையமாட்டேன்' என்று. ஓடிப்போய்க் கையைப் பிடித்திருக்க வேண்டும். "அக்கா, இங்க அப்படிச் செய்யக் கூடாது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பிரஷ் முகத்தைத் தொட்டுவிட்டது. மாமி பக்தியாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. வாளிமேல் உட்கார்ந்திருந்தவள் கண்ணைத் திறந்து, எங்கள் தலைக்கு மேலே எதையோ பார்த்தாள். அக்கா எவ்வளவோ கண் வைத்து நான் பார்த்திருக்கிறேன். அதற்கு ஈடாக ஒன்றும் இல்லை. மாமி விலாசம் எழுதிக் கொடுத்துவிட்டு, கண்காட்சி முடிந்ததும் கொண்டுவரச் சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியானத்துக்குள் சேதி போய் நடுவர்கள் வந்துவிட்டார்கள். எங்களை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார்கள். ஜிப்பாக்காரர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் பதிலுக்குப் பேசியிருப்பேன். அவர் குரல் உடைந்திருந்தது.

"ஏம்மா இப்படிப் பண்ணீங்க?"

"வீடு கிடைச்சிடுச்சுங்க சார். அதான் கண்ணு வெச்சேன்."

"நாங்க தேர்ந்தெடுத்ததே அந்தக் கண் இல்லாததுக்காகத்தானம்மா. நீங்களே எழுதியிருக்கீங்களே, வரையமாட்டேன்னு." அட்டையின் நகலை மேஜைமேல் வைத்தார். "இது நீங்க எழுதினதுதானே?"

அக்கா அந்தத் தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். நான் வாயைத் திறந்திருக்கலாம். 'நான் எழுதினது சார், அவங்க சொன்னது வேற' என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? நேற்றைய கைதட்டல் இன்னும் என் காதில் இருந்தது. நீளமான வாய் என்று சொன்னேனே, அது அன்றைக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது.

"நாந்தான் எழுதினேன் சார்" என்றார் அக்கா.

"அப்ப நீங்களே உங்க வார்த்தைய மீறிட்டீங்க. ஏமாத்துன்னு நான் சொல்லல. ஆனா நாங்க எடுத்த படம் இப்ப இங்க இல்ல. அதனால மாட்டி வெக்க முடியாது." நகலை மடித்துக்கொண்டே, "அடுத்த வருஷம் பழையபடி கண் இல்லாம ஒண்ணு குடுங்கம்மா. கண்டிப்பா எடுப்போம்" என்றார்.

படத்தை இறக்கிப் பழைய பேப்பரில் சுற்றிக் கொடுத்தார்கள். பெயர் அட்டையை யாரோ பிய்த்துக் குப்பைக் கூடையில் போட்டிருந்தார்கள். அக்கா குனிந்து எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. "பரவால்லங்க, வீடு கிடைச்சிடுச்சில்ல. நேரா அங்கயே குடுத்துடலாம்" என்றார் என்னிடம், எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி.

ஆட்டோவில் காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் போனோம். படத்தை மடியில் குறுக்காகப் பிடித்துக்கொண்டிருந்தார். மாமியின் மகன் கதவைத் திறந்தார். நெற்றியில் பளிச்சென்று திருமண். மரியாதையான மனிதர்தான்.

"கோவிச்சுக்காதீங்க. அம்மா வந்து சொன்னதும் நாங்க அங்க போன் பண்ணிக் கேட்டோம். அந்தப் படத்தக் கழிச்சுட்டோம்னு சொன்னாங்க. அடுத்த மாசம் பொண்ணு கல்யாணம். வேண்டாம்னு கழிச்ச ஒண்ண எப்படிங்க ஆத்துல கொண்டுவந்து மாட்டறது?"

அவருக்குப் பின்னால் மாமி வந்து நின்றார். "கழிக்கறதுக்கு என்னடா இருக்கு அதுல? நான் சொன்ன மாதிரியே பாக்கறாடா அவ" என்றார்.

"அம்மா, நீ சித்த உள்ள போ" என்றார் மகன். மாமி போகவும் இல்லை, மேலே பேசவும் இல்லை. புதுக் கண்ணில் தண்ணீர் வரக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பார் போல, முந்தானையால் ஒற்றிக்கொண்டே நின்றார்.

நான் சண்டைக்குத் தயாரானேன். அக்கா என் கையைத் தொட்டு நிறுத்தினார். "சரிங்க. ஒரே ஒரு நிமிசம் உள்ள வந்துட்டுப் போயிடறேங்க" என்றார். அந்த மனிதருக்கு என்ன தோன்றியதோ, வழிவிட்டார்.

ஊஞ்சல் இருந்தது. அதன் பின்னால் முற்றம். மழை வருகிற மாதிரி மூடிக்கொண்டிருந்த ஆகாசம். அக்கா பேப்பரைப் பிரித்தார். அந்த மொட்டைச் சுவரில் படத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் முகம் சுவர்ப் பக்கம் இருந்தது. படத்தில் இருந்தவள் முற்றத்துப் பக்கம் பார்த்தாள். பெரிய படம், கனம். மாமி கைகூப்பினார்.

பிறகு இறக்கினார். "பாத்துக்கிட்டா. வாங்க போலாம்" என்றார்.

திரும்பும்போது ஒண்ணாம் நம்பர் பஸ். எனக்குத் தாங்கவில்லை. "நான் சொல்லியிருக்கணும்க்கா, நான்தான் எழுதினேன்னு. பயந்துட்டேன்."

"எதுக்கு சொல்லணும்? நல்லாத்தானே எழுதியிருந்தீங்க" என்றார். அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அடுத்த தடவ கண்ணே வெக்காம குடுத்துடலாம்க்கா. அதான் எடுக்கறேன்னு சொல்றாரே."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "வெக்காமலே விட்டுடறதுக்கா வரையறேன்?" என்றார். பிறகு படத்தின்மேல் கையை வைத்து, "கண்ணத் தொறந்து வெச்சுட்டு வீடு இல்லாம பண்ணிட்டேனே, இவள எங்க வெப்பேன்?" என்றார். அழுதார். சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அழுதார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

அடுத்த வருடக் கண்காட்சிக்கு வந்தார். அதே எதிர்க் கடை, மேலே அதே போர்டு. படங்களில் பூச்சாடி, தென்னை மரம், தோணி. ஆள் ஒருவர்கூட இல்லை. வாங்க வந்தவர்களிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தார். நன்றாக விற்றது. "அக்கா இப்பதான் தொழில் கத்துக்கிட்டாங்க" என்று பனையோலைக்காரர் சொன்னார். எனக்கு அவரை அடிக்கலாம் போல இருந்தது. அதற்கு அடுத்த வருடம் எதிரில் யாரோ ஊறுகாய் போட்டிருந்தார்கள்.

வீட்டுக்காரர் ரிடையர் ஆனதும் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டி வந்தது. ஓசூருக்குப் பையனோடு போகிறார்கள் என்று தெரிந்து பார்க்கப் போனேன். சாமான்களெல்லாம் லாரியில் ஏறிவிட்டன. காலி சமையலறையில் அக்கா நின்றுகொண்டிருந்தார். எதிரில் அந்தக் காம்பவுண்டுச் சுவர் தெரிந்தது. பழைய புடவையில் சுற்றிய படத்தை என்னிடம் நீட்டினார்.

"பையன் இருக்கறது வாடகை வீடு. ஆணி அடிக்கக் கூடாதாம். நீங்க எடுத்துக்குங்க."

வாங்கிக்கொண்டேன். அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன். எல்லோரிடமும் கேட்டாரே, வங்கி அதிகாரியிடம், உறையூர்க்காரரிடம், மாமியிடம். என்னிடமும் கேட்பார் என்று நின்றேன். அவர் கூடத்துக்குப் போய் ஃபேன் சுவிட்சை அணைத்தார். வீட்டுக்காரரிடம் சாவியை எடுத்துக்கொண்டீர்களா என்று கேட்டார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

கடைசியில் நானே சொன்னேன். "எதிர்ல பெரிய ஜன்னல்க்கா. வானம் நல்லாத் தெரியும்."

"சரிங்க மணப்பாறை" என்றார்.

என் வீட்டில் ஜன்னல் கிடையாது, அந்தப் பக்கம். முறுக்குச் சுடுகிற கூடம் அது. எதிரில் எண்ணெய் டின்கள், அதற்குப் பின்னால் பக்கத்து வீட்டோடு சேர்ந்த சுவர். உடைத்து ஜன்னல் வைக்கலாமா என்று கொத்தனாரைக் கூட்டிவந்து கேட்டேன். பொதுச் சுவர், முடியாது என்றார். டின்களையாவது நகர்த்தினேன். தினமும் மாவு பிசைய அந்த இடத்தில்தான் உட்காருகிறேன். அவள் என்னைப் பார்ப்பதில்லை. என் தலைக்கு மேலே, அந்தச் சுவரைப் பார்க்கிறாள்.